மூன்றாம் மாதத்துப் பாட்டில்

"அரை மணி நேரம் இளகணுங்க ஐயா, அதுக்கப்புறந்தான் மைக்ராஸ்கோப்புல வைக்க முடியும்" என்று சொல்லிவிட்டு அந்த லேப் பெண் என் பாட்டிலை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இளகட்டும். எழுபத்திரண்டு வயதில் என்னிடமிருந்து வந்ததில் இளகுவதற்கு என்ன இருக்கிறது, பாட்டிலின் அடியைக்கூட அது மறைக்கவில்லை, அதற்கு நாற்பது நிமிடம் அந்தக் கக்கூஸில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், குழாய் சொட்டுகிறது, கதவில் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும் என்று எழுதி ஒட்டியிருக்கிறது, வெளியே என் மகள் பூங்கொடி தட்டுகிறாள், "அப்பா, மயக்கமா வருதுங்களா, தாழ்ப்பாளை எடுங்க" என்கிறாள், நான் உள்ளேயிருந்து, "ஒன்னுக்குத்தான் கண்ணு, வயசானவனுக்குச் சொட்டுச் சொட்டாத்தான் வரும், நீ போயி உக்காரு" என்கிறேன். சர்க்கரைக்கு மூத்திரம் கொடுக்கணும் என்று சொல்லித்தான் அவளை ராசிபுரத்திலிருந்து வரவழைத்தேன். தையல் கடையை ஒரு நாள் சாத்திவிட்டு வந்திருக்கிறாள். இதோ பக்கத்தில் உட்கார்ந்து யாரோ ஒருத்தியின் ரவிக்கைக்கு ஊக்கு வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள், கை சும்மா இருக்காது அவளுக்கு. அவளுக்குத் தெரியாது நான் எதற்கு வந்தேன் என்று. தெரியவேண்டிய நேரத்தில் தெரியட்டும், காகிதம் வந்ததும் முதலில் அவள் கையில் கொடுக்கவேண்டும் என்றுதான் கூட்டி வந்தேன். ஒன்றே ஒன்று போதும். கூட்டம் வேண்டாம். கண்ணாடிக்கு அடியில் ஒரே ஒரு உயிரணு வாலை ஆட்டிவிட்டால், முப்பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் எனக்குச் செய்த குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பலிக்கவே இல்லை என்று ஆகிவிடும், அதற்கப்புறம் பிறந்த இவள் என் மகள்தான் என்று ஆகிவிடும், செத்துப் பதினோரு மாதமான பாவாயி எந்தத் தப்பும் செய்யாதவள் என்று ஆகிவிடும், அடுத்த மாதம் அவளுடைய வருஷாந்திரத்துக்கு வருகிற சனம் அத்தனைக்கும் முன்னால் அந்தக் காகிதத்தைப் பிரித்துப் படிப்பேன். படித்துவிட்டுச் செத்துப்போவேன். அது சும்மா சொல்வது, சாகமாட்டேன், எனக்கு ஆயுசு கெட்டி.

"என்னுங்கப்பா தனியாப் பேசறீங்க?" "ஒன்னுமில்ல கண்ணு, ஒரு கதை ஞாபகம் வந்துச்சு." "குதிரான் மேட்டுல பிரேக் போயி, எதுக்க வந்த ஆனை முட்டுக்குடுத்து லாரிய நிறுத்துச்சே, அதுங்களா?" "ஒரு முட்டை உடையல தெரியுமா." "ஆமா, ஆனைக்கு நீங்க ஆம்லெட்டுப் போட்டுக்கூடக் குடுத்தீங்க" என்று சொல்லி நூலைப் பல்லால் கடித்தாள். அந்தக் கடி பாவாயியின் கடி. பாவாயியும் நூலை இப்படித்தான் வலது ஓரப் பல்லால், கண்ணை லேசாக மூடிக்கொண்டு. அம்மாவைக் கொண்டிருக்கிறாள், அதில் யாருக்கும் சந்தேகமில்லை, எந்தப் பிள்ளைக்கும் அம்மா யார் என்பதில் சந்தேகம் வருவதில்லை, மூக்கு யாருடையது என்றுதான் முப்பத்தெட்டு வருடமாக நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சின்னப் பிள்ளையில் என் மூக்கு மாதிரி இருந்தது, பூப்படைந்த பிறகு யார் மாதிரியும் இல்லை, இப்போது பக்கவாட்டில் பார்த்தால், பார்க்காதே, பாட்டிலை நினை, பாட்டில் இளகிக்கொண்டிருக்கிறது. சுவர்க் கடிகாரத்தில் பத்து பன்னிரண்டு. போன வாரம் நான் போய்ப் பார்த்த இளவயது டாக்டர் படம் போட்டுக் காட்டினார், குழாயை இந்த இடத்தில் வெட்டுவோம் ஐயா, ஆனால் வெட்டுக்கு அந்தப் பக்கம் ஏற்கனவே போய்விட்டதெல்லாம் உடனே தீர்ந்துவிடாது, மூன்று மாதம் ஆகும், சில பேருக்கு அதைவிட அதிகமும் ஆகும், அதனால்தான் மூன்றாம் மாதம் பாட்டிலில் பிடித்துக் கொடுத்து, இல்லை என்று எழுதி வாங்குகிற வரைக்கும் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்கிறோம் என்றார். எனக்கா தெரியாது. எனக்குத் தெரிந்த அளவு அந்தப் பாட்டிலைப் பற்றி நாமக்கல் சீமையில் யாருக்குத் தெரியும்.

அன்றைக்கு வந்த அந்தப் பாட்டில் சின்னது, பெனிசிலின் ஊசி மருந்து வருகிற அளவு, ரப்பர் மூடி. நர்ஸம்மா சைக்கிளில் வந்து பாவாயி கையில் கொடுத்துவிட்டுப் போனாள், "உங்க வீட்டுக்காரர் வந்ததும் காலையில பிடிச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டாரச் சொல்லுங்க அம்மிணி, சூடு ஆறக்கூடாது." நான் எங்கே வீட்டில் இருந்தேன். பண்ணையில் முட்டை ஏற்றினால் வாளையார், பாலக்காடு, திருச்சூர், இறக்கிவிட்டுத் திரும்பி வந்தால் அடுத்த லோடு தயாராக நிற்கும். இரண்டு தடவை நர்ஸம்மா வந்து வெறும் பாட்டிலைப் பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாம் தடவை நான் வீட்டில் அகப்பட்டுக்கொண்டேன். வாசலில் லாரி உறுமிக்கொண்டிருக்கிறது, கூட ஓட்டுகிற சுப்புராயன் ஹாரன் அடிக்கிறான், திண்டல் மேட்டுக்கு வெயிலுக்கு முன்னால் போகவேண்டும், இல்லாவிட்டால் முட்டை கெட்டுவிடும், நான் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் பாட்டிலோடு நிற்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. எப்படி நடக்கும். ஆபரேஷன் செய்துகொண்ட நாளிலிருந்து ஸ்டாண்டில் ஒவ்வொருத்தனும் கேட்கிறான், "என்றா அர்த்தநாரி, காயடிச்ச காளைக்குக் கொம்பு நிக்குதா?" சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னேன், ஆனால் அந்தக் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது, பாட்டிலைக் கையில் பிடித்ததும் எழுந்து நின்றுகொண்டது. ஹாரன். மறுபடியும் ஹாரன். சரி போ என்று லாரிக்கு வந்தேன், பின்னால் கட்டின அட்டையிலிருந்து ஒரு முட்டையை உருவினேன், ஓட்டை லேசாகக் கீறி வெள்ளைக்கருவைப் பாட்டிலுக்குள் விட்டேன், நூல் நூலாக இறங்கியது, அச்சு அசல் அதே மாதிரி, மஞ்சள் கருவை வாயில் போட்டு விழுங்கினேன். போகிற வழியில் நர்ஸம்மா கையில் கொடுத்தேன். "சூடா இருக்குதுங்களா?" என்றாள். "இப்பத்தானுங்க" என்றேன். பொய்யில்லை.

எத்தனை கதை சொல்லியிருக்கிறேன், அந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் நான் செய்ததிலேயே அசல் கதை, சர்க்கார் மைக்ராஸ்கோப்பைக் கோழியிடம் தோற்கடித்த கதை, பாலக்காட்டு டீக்கடையில் சொல்லியிருந்தால் பெஞ்சோடு விழுந்து சிரித்திருப்பார்கள், நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும். ஏன் நீயே பிடித்துக் கொடுக்கவில்லை என்று வரும். முடியவில்லை என்று சொல்லவேண்டி வரும். விழுங்கிவிட்டேன், மஞ்சள் கரு மாதிரியே. பத்து நாளில் சீட்டு வந்தது, நீல மை, விந்தணு இல்லை, கீழே ஒரு கிறுக்கல். கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்களோ பார்க்காமலே எழுதினார்களோ, எப்படிப் பார்த்தாலும் முட்டையில் என்ன இருக்கும், பண்ணை முட்டை, சேவலைக் கண்ணால்கூடப் பார்க்காத கோழி போட்டது. அந்தச் சீட்டைப் பாவாயியிடம் காட்டினேன் பாருங்கள், அங்கேதான். வேண்டுமென்றே காட்டவில்லை, அவள், "என்னுங்க எழுதியிருக்குது?" என்று கேட்டாள், படித்துச் சொன்னேன், அவள் ஒரு பெருமூச்சு விட்டு, "ரண்டு பெத்ததே போதுஞ் சாமி" என்று சீட்டை மடித்து உப்புச் சாடிக்குப் பின்னால் வைத்தாள், அன்றிலிருந்து எந்த ஜாக்கிரதையும் இல்லாமல், சீட்டை நம்பி, என்னை நம்பி. நானும்தான் நம்பினேன். இதை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள், முட்டையை உடைத்தவன் நான், ஆனால் எழுத்தில் வந்துவிட்டதே, முத்திரை வேறு குத்தியிருக்கிறதே, ஒரு வாரம் போனதும் எனக்கு முட்டை மறந்து சீட்டு மட்டும் ஞாபகத்தில் நின்றது. என் புளுகை நான் நம்புவது அது ஒன்றும் முதல் தடவை இல்லை. குதிரான் யானையின் கண்ணில் பீளை இருந்தது எனக்கு இப்போதுகூடத் தெரிகிறது.

"அப்பா, காபி குடிக்கறீங்களா? டெஸ்ட்டுக்குக் குடுத்தாச்சில்ல, இனிக் குடிக்கலாம்." வேண்டாம் என்று தலையாட்டினேன். பத்து இருபத்தைந்து. அவள் எழுந்துபோய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள், எனக்கு அரைச் சர்க்கரை, சர்க்கரை வியாதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் பாவம், டம்ளரைத் தொட்டுப் பார்த்து, ஆற்றி, கையில் வைத்தாள். செங்கோடன் என் மூத்த மகன், சந்தேகமில்லாத மகன், நாமக்கல்லிலேயே லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறான், மாதத்தில் ஒரு நாள் என்னை எட்டிப் பார்ப்பான். நடு மகள் தாராபுரத்தில். இவள்தான் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வந்து என் வேட்டியைத் துவைத்துப் போட்டுவிட்டுப் போகிறவள். அதுகூட ஒரு முள்ளாகக் குத்துகிறது, மற்ற இரண்டும் வராததற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது, இவள் வந்து வந்து எதையோ உறுதிப்படுத்திக்கொள்ளப் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றும், தோன்றியதும் காபி கசக்கும். ஆபரேஷன் ஆன ஐந்தாம் மாதம் நான் லோடு இறக்கிவிட்டு வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தேன், பாவாயி துண்டை நீட்டிக்கொண்டே, "ஏனுங்க, தள்ளிப்போயிருச்சுங்க" என்றாள். பயந்த குரல் இல்லை, சிரிப்பும் இல்லை, பால் திரிந்துவிட்டது என்று சொல்வது மாதிரி. நான் என்ன சொன்னேன். திட்டினேனா, அடித்தேனா, சாமி சத்தியமாக இல்லை, உப்புச் சாடிக்குப் பின்னால் கையை விட்டு அந்தச் சீட்டை எடுத்தேன், "இதுல இல்லேன்னு போட்டிருக்குதே?" என்றேன். அவ்வளவுதான். அவள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், துண்டை என் தோளில் போட்டாள். அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அன்றைக்கே அடுத்த லோடுக்குக் கிளம்பினேன். வாளையார் செக்போஸ்டில் லாரிகள் மூன்று மைலுக்கு நின்றன, சுப்புராயனும் நானும் ரோட்டோரக் கடையில் உட்கார்ந்தோம், கடைக்காரன் தோசைக்கல்லில் முட்டையை உடைத்து ஊற்றினான், வெள்ளைக்கரு பரவியது, எனக்கு ஞாபகம் வந்தது. சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, சுப்புராயன் பயந்து, "என்றா ஆச்சு, பேய் கீய் அடிச்சிருச்சா?" என்று என் முதுகில் குத்தினான். முட்டைடா, சீட்டில் இல்லை என்று போட்டிருந்தது முட்டைக்குடா, எனக்கு இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடலாம், பாவாயி துடைப்பத்தால் நாலு சாத்துச் சாத்துவாள், சிரிப்பாள், முடிந்தது என்று இருந்தேன்.

லாரி மூன்று நாள் நகரவில்லை. மூன்று நாள். அந்த மூன்று நாளில் பாவாயி வாந்தி எடுத்ததை என் அம்மா பார்த்து, சீட்டை எடுத்துப்போய்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் படிக்கக் கொடுத்து, வாத்தியார் சத்தமாகப் படித்து, நான் வந்து இறங்கும்போது வாசல் நிறையச் சனம். பாவாயியின் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். அவள் சுவரோடு நிற்கிறாள். "வந்துட்டான் பாரு, அவனையே கேளுங்க" என்றார்கள். எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள், என் வாயைச் சனம் பார்த்தால் எனக்கு என்ன ஆகும் என்று எனக்கே தெரியும், அங்கே நின்று முட்டையைச் சொல்லவேண்டும், கொட்டகைக்குப் பின்னால் நின்றதைச் சொல்லவேண்டும், ஏழூர் ஆம்பளைகளுக்கு நடுவில் அர்த்தநாரிக்கு முடியவில்லை என்று நானே சொல்லவேண்டும். வாயைத் திறந்தேன். "என்னப்பா பண்றது, பண்ணை முட்டை பொரிஞ்சிருச்சு" என்றேன். சிரித்தார்கள். கோழிப்பண்ணை ஊர், சேவல் சேராத முட்டை பொரியாது என்று கைக்குழந்தைக்கும் தெரியும், அப்படிச் சிரித்தார்கள், அவள் அண்ணன்கூடச் சிரித்தார், தப்பித்தோம் என்கிற சிரிப்பு அது, "சரி, கட்டுனவனே சிரிக்கறான், நாம என்ன" என்று எழுந்து போனார்கள். காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். முப்பத்தெட்டு வருடமாக நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஒரு நிமிஷம் காப்பாற்றினேன் என்று, அடுத்த நிமிஷம் அந்தச் சுவரோடு நின்றவளின் முகம் வரும். அவள் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் என் எந்தக் கதைக்கும் அவள் சிரிக்கவில்லை, சோறு போட்டாள், எண்ணெய் தேய்த்துவிட்டாள், சாகிற அன்று, "ஃபேனைக் கொஞ்சம் குறைங்க" என்றாள். பிள்ளைக்குப் பேர் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பண்ணமுட்டை. தண்ணீர்க் குழாயில் பண்ணமுட்டை. கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளையின் மாமன் ஒருத்தன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பண்ணமுட்டைங்கறது இந்தப் புள்ளைதானா?" என்றான், இவள் மணவறையில் உட்கார்ந்து கேட்டாள், தலையில் இருந்த பூகூட அசையவில்லை. அந்தப் பேரை வைத்தவன் நான் என்று இவளுக்குத் தெரியும். ஒரு நாளும் கேட்டதில்லை.

எப்போது சொல்லியிருக்கலாம். பிள்ளை பிறந்த அன்று சொல்லியிருக்கலாம், சீர் வைத்த அன்று சொல்லியிருக்கலாம், ஒவ்வொரு வருடமும் தள்ளத் தள்ளச் சொல்வது பெரிதாகிக்கொண்டு போனது, அதோடு இன்னொன்று. இன்னொன்றை நினைக்காதே. பத்து நாற்பது. நினைக்காமல் இருந்தால் மட்டும் போய்விடுமா. முட்டை என்று தெரிந்தும் எனக்குச் சந்தேகம் இருந்தது. இருக்கிறது. சீட்டு பொய் என்றால் அவள் சுத்தம் என்று ஆகுமா, சீட்டுக்கு ஒன்றும் தெரியாது என்றுதானே ஆகும், நான் மாதத்தில் இருபது நாள் ரோட்டில், பாவாயி கூலிக்கு முட்டை பொறுக்கப் போன பண்ணையில் சூப்பர்வைசர் ஒருத்தன் இருந்தான், பெரிய மீசை, அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான், பார், இதோ சுற்றுகிறது, எங்கே தொடங்கினாலும் அந்த மீசையில் போய் நிற்கிறது, நின்றுவிட்டுத் திரும்பி அவள் துண்டை நீட்டின கைக்கு வருகிறது. அந்தக் கை பொய் சொல்லுமா. சற்றுமுன் கக்கூஸில் நின்றபோது நாற்பது நிமிடம் வேறு எதை நினைத்தும் ஆகவில்லை, கடைசியில் பாவாயியின் பிடரியில் ஒட்டியிருக்கிற தவிட்டு வாசனையை நினைத்தேன், பண்ணையிலிருந்து வந்து குளிப்பதற்கு முன்னால், அதற்குத்தான் உடம்பு இரங்கியது. ரத்தம் எடுத்து அப்பன் பிள்ளை என்று கண்டுபிடிக்கலாம் என்றுகூட அந்த டாக்டர் சொன்னார். அதற்கு இவள் ரத்தமும் வேண்டுமாம். கண்ணு, கொஞ்சம் ரத்தம் கொடு, நீ எனக்குப் பிறந்தவளா என்று பார்க்கவேண்டும் என்று இவளிடம் கேட்கவா. என் ஆபரேஷனில் ஓட்டை இருந்ததை மட்டும் நிரூபித்தால் போதும், ஒன்றே ஒன்று, வயசான உயிரணுவாக இருந்தாலும் பரவாயில்லை, நொண்டியாக இருந்தாலும் பரவாயில்லை, செத்துக் கிடந்தால்கூடக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டு வைத்திருக்கலாம்.

"அர்த்தநாரி! வயசு எழுபத்தி ரண்டு!" நான் எழுவதற்குள் பூங்கொடி எழுந்துவிட்டாள். "நீ உக்காரு கண்ணு." "இருங்கப்பா, கண்ணாடி இல்லாம உங்களுக்கு எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது, அதை மறந்துட்டு வந்திருக்கறீங்க." லேப் பெண் கவுண்டர் ஓட்டை வழியாகக் காகிதத்தை நீட்டினாள். "ஆபரேஷன் பண்ணி எத்தனை வருசம் ஆச்சுங்கய்யா?" "முப்பத்தொம்பது." "மூணாம் மாசம் பார்க்கறத முப்பத்தொம்பது வருசங் கழிச்சுப் பார்க்கறீங்களா!" என்று உள்ளே இருந்த இன்னொருத்தியைப் பார்த்துச் சிரித்தாள். "பயப்படாதீங்க. ஒன்னுகூட இல்ல. ரெண்டு தடவை பார்த்துட்டேன். ஆபரேஷன் நல்லா வேலை செஞ்சிருக்குது." "செத்தது ஏதாச்சும்..." "அதுவும் இல்லீங்க, சுத்தமா இல்ல." நல்ல சேதி சொன்ன முகம் அவளுக்கு. இன்றைக்கு இல்லை என்றால் அன்றைக்கு இல்லை என்று ஆகாது, வெட்டுக்கு அந்தப் பக்கம் மிச்சம் இருந்திருக்கலாம், ஐந்தாம் மாதம் வரைக்கும் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம், எந்தக் கண்ணாடிக்கும் இனி அது தெரியாது, தெரிந்திருக்கக்கூடியது ஒரே ஒரு பாட்டில், அதில் நான் எதை ஊற்றினேன். பூங்கொடி காகிதத்தைப் படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். ரவிக்கையையும் ஊசியையும் பைக்குள் வைத்தாள். "இது சர்க்கரை இல்லீங்களே" என்றாள்.

சொன்னேன். அந்த பெஞ்சிலேயே, ஹாரனிலிருந்து, கொட்டகையிலிருந்து, முட்டையிலிருந்து, வாளையார் வரைக்கும், வாசலில் நின்ற சனம் வரைக்கும், கையை ஆட்டாமல், குரலை மாற்றாமல், எனக்கு வழக்கமில்லாத விதத்தில் சொன்னேன். மீசையை மட்டும் சொல்லவில்லை. நான் முடித்ததும் அவள் போனை எடுத்து அண்ணனுக்குப் போட்டு, சத்தமாக வைத்து, என் கையில் கொடுத்தாள். "அண்ணங்கிட்டச் சொல்லுங்க. இதையேதான்." "செங்கோடா, அப்பன் பேசறேன்டா. உங்கம்மா மேல ஒரு தப்பும் இல்லடா, அந்தச் சீட்டு இருக்குதே, அது நான் குடுத்த முட்டைடா, வெள்ளைக்கரு, நெசமாலும்..." அந்தப் பக்கம் வெல்டிங் சத்தம் நின்றது. அப்புறம் சிரிப்பு. "யப்பா, யப்பா, இத்தன வருசமா இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? டேய், எங்கப்பாரு சர்க்காருக்கே ஆம்லெட்டுப் போட்டாராம்டா!" பட்டறையில் நாலு பேர் சிரித்தார்கள். "நெசம்டா, சத்தியமாடா." "ஆனை மேல சத்தியமுங்களா?" நெசம், சத்தியம், சாமி சாட்சி, கண்ணால் பார்த்தது, எல்லாவற்றையும் ஐம்பது வருடமாக டீக்கடைகளில் செலவழித்துவிட்டேன், இப்போது வைத்துப் பேச ஒரு சொல் மிச்சமில்லை. பூங்கொடி போனை வாங்கி, "அப்புறம் பேசறேன்ணா" என்று அணைத்தாள்.

"நீயாச்சும் நம்பறயா கண்ணு?" என்றேன். காகிதத்தை எட்டாக மடித்துக்கொண்டிருந்தாள். "நான் நம்பறது கெடக்கட்டுங்க. அம்மா செத்து, இன்னைக்கு இத்தன வயசுக்கப்புறம், தனியாப் போயி நின்னு இந்த டெஸ்ட்டை எடுத்திருக்கறீங்க. எதுக்குங்கப்பா?" அவள் என் பக்கம் முழுதாகத் திரும்பினாள், முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவை அவள் முகத்தை நேராகப் பார்த்தேன், மூக்கைத் தேடாமல். "நான் உங்க மகள்னு நீங்க நம்பறீங்களா?" ஒரு சொல்தான். நம்பறேன். சொல்லு. கதையில் யானையை வைத்தே லாரியை நிறுத்தியவன், வாய் திறந்துதான் இருக்கிறது, நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுவிட்டது, ஆனால் அந்தச் சொல்லைச் சொல்வதற்கு முன்னால் அது நெசமா என்று நான் ஒரு தடவை பார்த்துக்கொள்ளப் பார்த்தேன், வாழ்நாளில் எந்தச் சொல்லுக்கும் நான் செய்யாத காரியம், இந்தச் சொல்லுக்குச் செய்தேன். ஒரு ஆள் செருப்பைத் தேடி மாட்டுகிற நேரம் அவள் பொறுத்திருப்பாள். பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கத் தொடங்கினாள்.